கேள்வி பதில்: சிப்பாயின் பையில் ஒரு யூனிட் கரண்ட்

போன இதழில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வீட்டை விட்டுக் கிளம்பி எல்லைக்கே போய்விட்டன. ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் ஊர்கள் நம்முடையவை, ஆச்சரியமில்லை. சரி, இந்த முறை அதற்கே பதில்.

என் மகன் லடாக்கில் ராணுவத்தில் இருக்கிறான். குளிரில் போன் 40 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறதாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைத் தபாலில் அனுப்பலாமா?
*– ஒரு தாய், நெல்லிக்குப்பம்*

வாங்கிக் கொடுங்கள் அம்மா, ஆனால் தபாலில் போடாதீர்கள். விமானத்தில் போகும் பார்சலில் லித்தியம் பேட்டரிக்குக் கட்டுப்பாடு உண்டு. அடுத்த லீவுக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுங்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட் அவர் (பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை, நீங்கள் சொல்வதை பேட்டரியின் 3.7 வோல்ட்டோடு பெருக்கினால் 74தான் வரும்.

ஆனால் மகனுடைய சிக்கல் சார்ஜ் காலியாவது இல்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, அதற்காக எண்ணெய் எங்கேயும் போய்விடவில்லை, அல்லவா? பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அப்படி உறைவதில்லை என்றாலும், கடும் குளிரில் கெட்டியாகி லித்தியம் அயனிகள் அதில் நகரத் திணறுகின்றன. அந்த நேரம் பார்த்து போன் திடீரென்று அதிகம் இழுத்தால் வோல்டேஜ் சரியும், போன் அணையும். கொஞ்ச நேரம் கதகதப்பில் வைத்தால் அதே 40 திரும்பி வரும். அதனால் போனும் பவர் பேங்க்கும் கோட்டின் உள்பக்கப் பையில், உடம்பை ஒட்டி இருக்கட்டும், இரவில் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் அவசியம் சொல்லுங்கள். உறைநிலைக்குக் கீழே ஜில்லிட்டுக் கிடக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக்கூடாது. பயன்படுத்தினால் தற்காலிகமாகச் சோர்வதோடு சரி, சார்ஜ் ஏற்றினாலோ லித்தியம், பேட்டரிக்குள் அதைத் தாங்கிக்கொள்ளும் கிராஃபைட் என்ற கரித் தகட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்த இழப்பு திரும்பாது, பிறகு உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழியுண்டு. முதலில் சூடு, அப்புறம்தான் சார்ஜ்.

போர்க்களத்தில் ஒரு சிப்பாய் எவ்வளவு பேட்டரி சுமப்பார்?
*– பிளஸ் டூ மாணவர், திருப்பாதிரிப்புலியூர்*

வெளியே அதிகம் பேசப்படுவது அமெரிக்க ராணுவக் கணக்கு. 72 மணி நேர ரோந்துக்கு ஏறக்குறைய 7 கிலோ பேட்டரி, சில வேலைகளுக்கு அதற்கும் மேல். ரேடியோ, இரவுப் பார்வைக் கருவி, ஜிபிஎஸ், டார்ச் எல்லாம் சேர்த்து. இந்த 7 கிலோவில் எவ்வளவு கரண்ட் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார், நல்ல லித்தியம் பேட்டரியாக இருந்தால் சுமார் 1,000 வாட் அவர், அதாவது உன் வீட்டு மீட்டரில் ஒரே ஒரு யூனிட். வீட்டு ஃபேன் அரை நாள் ஓடும், அவ்வளவுதான். அதே ஒரு யூனிட்டை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் முப்பது கிலோ ஆகிவிடும்!

அமெரிக்க ராணுவ ரேடியோக்களில் போடும் பிஏ-5590 என்று ஒரு பேட்டரி, ஒரு கிலோ எடை, ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 2003 இராக் போரில் அது கிட்டத்தட்டத் தீர்ந்தே போகும் நிலைக்கு அமெரிக்கப் படை வந்துவிட்டது. பாதி மிச்சம் இருக்கிறதா கால்வாசியா என்று தெரியாத பேட்டரியை நம்பி எவன் ரோந்து போவான்? கிளம்பும்போது புதிதாக மாற்றிவிடுவார்கள், மிச்சமிருந்த கரண்ட் குப்பைக்குப் போகும். அதே இடத்தில் பொருந்தும் பிபி-2590 திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடியது. உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் கிடைக்குமே, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 செல், அதேபோல 24 செல்தான் உள்ளே.

புது ரசாயனம் கண்டுபிடிப்பதைவிட எல்லாக் கருவிக்கும் ஒரே பேட்டரி, ஒரே பிளக் என்று ஆக்கினாலே சிப்பாயின் முதுகு பாதி தப்பிக்கும் என்பது என் கட்சி. நம் வீட்டு டிராயரில் கிடக்கும் சார்ஜர்களைப் பார்த்தாலே புரியும்.

பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த என் தாத்தா, இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம் பக்கம்) கையால் சுற்றி ரேடியோவுக்கு கரண்ட் எடுத்ததாகச் சொல்வார். உண்மையா, கதையா?
*– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை*

தாத்தா கதை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ரேடியோக்களோடு கைச்சுற்று ஜெனரேட்டர் வந்தது. ஒருவர் பேச, இன்னொருவர் வியர்க்க வியர்க்கச் சுற்ற வேண்டும். சுற்றுபவர் கை ஓய்ந்தால் பேச்சும் போச்சு.

உடம்பை வைத்தே கரண்ட் எடுக்கும் அந்த ஆசை இன்னும் விடவில்லை. 2005ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லாரி ரோம் குழு, நடக்கும்போது முதுகுச் சுமை மேலும் கீழும் ஆடுவதிலிருந்து 7.4 வாட் வரை எடுத்துக் காட்டியது. 2008ல் கனடாவில் முழங்காலில் மாட்டும் கருவி வந்தது, இரண்டு காலுக்கும் சேர்த்து சுமார் 5 வாட். எட்டு மணி நேரம் நடந்தால் ஒரு சின்ன பவர் பேங்க் நிறையும். ஆனால் அந்த முதல் மாடல் காலுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. அந்த எடைக்கு பேட்டரியாகவே கட்டிக்கொண்டு போய்விடலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சோலார் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?
*– ஒரு வாசகர், பண்ருட்டி*

அதையும் செய்கிறார்கள். 2010ல் ஆப்கானிஸ்தானின் சங்கின் பகுதிக்குப் போன அமெரிக்க மரைன் கம்பெனி ஒன்று மடக்கி எடுத்துப்போகும் சோலார் விரிப்புகளைக் கொண்டுபோனது, பேட்டரிச் சுமையும் குறைந்தது. ஓரிடத்தில் தங்கினால் நல்ல வழி. நகர்ந்துகொண்டே இருப்பவருக்கும், மர நிழலில் பதுங்கி இருப்பவருக்கும் பேனலை எங்கே விரிப்பது? முந்திரித் தோப்புக்குள் பேனல் வைத்துப் பாருங்கள், தெரியும்.

அடுத்த புயலுக்கு ராணுவ பேட்டரி மாதிரி ஏதாவது வாங்கி வைக்கலாமா?
*– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம்*

வேண்டாம், காசு தண்டம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து வரிசையில் நின்று போனுக்கு சார்ஜ் போட்டோம். எனக்கு முன்னால் நின்றவர் மூன்று போன் கொண்டுவந்திருந்தார், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அத்தனை நாளைக்கு எந்த பேட்டரியும் தாங்காது. சிறிய ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் இரண்டு மூன்று யூனிட் தரும், அதாவது அந்த சிப்பாயின் பையைப் போல இரண்டு மூன்று பை. ஆகவே நீண்ட நாளைக்கு டீசலும், தெருவுக்கு ஒரு ஜெனரேட்டரும்தான். உங்களுக்கென்று ஒரு பவர் பேங்க், ஒரு எல்இடி விளக்கு, ஒரு சின்ன ரேடியோ போதும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மூன்றையும் சார்ஜ் ஏற்றி பரண் மேல் வையுங்கள். தரையில் வேண்டாம், தண்ணீர் வரும்.