ரேம் வாங்கும்போது அளவா, வேகமா?

கேள்வி: கணினியில் 8 ஜிபி டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ரேம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 3200 வேகத்தில் (நொடிக்கு 3200 மில்லியன் தரவுக் கடத்தல்) 16 ஜிபி போடலாமா, அல்லது 3600 வேகத்தில் 8 ஜிபி போதுமா?

பதில்: 16 ஜிபிதான், யோசிக்கவே வேண்டாம். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தைக் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிடும். ரேமில் நானோ நொடிகளில் முடிகிற வேலை எஸ்எஸ்டியில் மைக்ரோ நொடிகளுக்கும் பழைய ஹார்ட் டிஸ்கில் மில்லி நொடிகளுக்கும் இழுக்கும். அந்த இடத்தில் 3200க்கும் 3600க்கும் உள்ள வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் இடம் போதவில்லை. பாதியில் நிற்கிறதா? அப்போது ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: 3200 என்று எழுதியிருந்த ரேம் 2133தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அநேகமாக இல்லை. ரேமில் எழுதியிருக்கும் வேகத்தைக் கொண்டுவரும் அமைப்புக்கு எக்ஸ்எம்பி என்று பெயர், அதை இயக்காதவரை ரேம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். கணினி ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அதை இயக்குங்கள். சில மதர்போர்டுகளில் அதுவே டிஓசிபி என்றிருக்கும். அதற்கப்புறம் கணினி விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பதறாதீர்கள். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அது 3200தான்.

கேள்வி: 16 ஜிபி ஒரே துண்டா, 8 ஜிபி இரண்டா?

பதில்: இரண்டு. இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலில் தரவுப் பாதை இரட்டிப்பாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இதில்தான் உண்மையான லாபம். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. விளையாடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரேமின் வேகத்துக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்று நான் சொல்வதும் இவர்களுக்குத்தான். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பழைய துண்டோடு புதியதைக் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும், சில சமயம் கணினி ஆன் ஆகாமலும் போகலாம்.

கேள்வி: டிடிஆர்5 6000 ரேமில் சிஎல் (கேட்ட தரவு வர ஆகும் கடிகாரத் துடிப்புகள்) 30 என்கிறார்கள், என் டிடிஆர்4 3200ல் 16தான். பழையதுதான் வேகமா?

பதில்: சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். இரண்டுக்கும் 10 நானோ நொடிதான் வரும். தாமதம் சமம், ஆனால் ஒரு நொடியில் கடத்தும் தரவு டிடிஆர்5ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிடிஆர்4 போர்டில் அது பொருந்தாது. இரண்டிலும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்.