பதிவேட்டில் ஒரு பையன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் குடியிருக்கிறேன். வயது 46. பழைய சீர்திருத்தப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற உதவி செய்கிறேன். 1860-களில் சேர்ந்த ஒரு பையன் என்னைத் தூங்க விடுவதில்லை. பதினோரு வயது. தாய் இல்லை, தகப்பன் குடிகாரன், படுக்கை தெருவில். பூட்ஸ் திருடியதற்காக 14 நாள் சிறை, அப்புறம் ஐந்து ஆண்டு சீர்திருத்தப் பள்ளி. 'குணம்' என்ற கட்டத்தில் 'கெட்டவன்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அம்மா இறந்து, அப்பா மறுமணம் செய்ததும் எட்டு வயதில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். "அடங்காத பிள்ளை, இங்கேயாவது திருந்தட்டும்" என்று சித்தி வார்டனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. லீவுக்குக்கூட யாரும் கூப்பிட வரமாட்டார்கள். கணவருக்கு இதெல்லாம் தெரியாது. "எப்பவோ செத்துப்போன பையனுக்கா அழறே?" என்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பையனுக்காக அழ அன்றைக்கே ஆள் இருந்திருக்க வேண்டும்.

1854-ல் வந்த சட்டப்படி, குற்றம் நிரூபணமான 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை முதலில் குறைந்தது 14 நாள் சிறையில் வைத்து, பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். 1852-லேயே உங்கள் ஊர்ப்பக்கம் கிங்ஸ்வுட்டில் இப்படியொரு பள்ளி தொடங்கிய மேரி கார்ப்பென்டர், பிள்ளைகளைச் சிறையில் போடுவதையே எதிர்த்தவர். ஆனாலும் பள்ளிக்கு அனுப்பும் முன் வைக்கும் அந்தச் சிறைவாசம் அடியோடு ஒழிய 1899 ஆனது. இன்னொன்றையும் பாருங்கள். பிள்ளையின் செலவுக்காகப் பெற்றவரிடம் வாரம் ஐந்து ஷில்லிங் வரை வசூலிக்கவும் அதே சட்டம் வழி வைத்தது. தகப்பனுக்குப் பொறுப்பு உண்டென்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. 'கெட்டவன்' என்ற பட்டம் மட்டும் பையன் தலையில் விழுந்துவிட்டது.

உங்களுக்கும் அதுதான் நடந்தது. புறக்கணிக்கப்பட்ட பிள்ளை, 'பெற்றவர்கள் சரியில்லை' என்று நினைப்பதைவிட 'நான்தான் சரியில்லை' என்று நம்பிவிடும் என்று ஸ்காட்லாந்து உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் 1943-ல் எழுதினார். பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. 'நான் திருந்தினால் வந்து கூட்டிப்போவார்கள்' என்ற நம்பிக்கையாவது மிஞ்சுமே! பெற்றவர்கள்மேல் குறை என்றால் எட்டு வயதுப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தும்?

ஒரு தாளில் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு நீங்களே ஒரு பதிவு எழுதுங்கள். யார் இறந்தார்கள், யார் விட்டுவிட்டுப் போனார்கள், லீவில் எங்கே சாப்பிட்டாள், யாரோடு பேசினாள் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். குணம் என்ற கட்டமே வேண்டாம். பிறகு கணவரிடம் படிக்கக் கொடுங்கள். பாதிக் கதைதான் தெரியும் என்பதால்தான் அவர் அப்படிக் கேட்கிறார்.

பதிவேட்டு வேலையை விட வேண்டாம், தூக்கம் சரியாகும்வரை இரவில் மட்டும் அதைத் தொடாதீர்கள். அப்படியும் தூக்கம் வராவிட்டால், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை தரும், பேசி மனதை ஆற்றும் சிகிச்சைக்கு (talking therapies) மருத்துவர் பரிந்துரை இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பதியும்போதே கேளுங்கள்.