இரண்டு பேரரசுகள் மோதும்போது நடுநிலை நாடு எப்படிச் சமாதானம் பேசி வைக்கிறது?

1905-இல் ரஷ்யா-ஜப்பான் போரை அமெரிக்கா முடித்துவைத்த கதையைப் பாருங்கள், ஓரளவு புரியும்.

சுஷிமா கடற்போரில் ஜப்பான் அபாரமாக ஜெயித்தது. ஆனால் கஜானா காலி. அதனால் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் ரகசியமாகப் போய், 'சமாதானப் பேச்சுக்கு நீங்களாகவே அழைப்பதுபோல் அழையுங்கள்' என்றது. முதலில் கேட்டவர் என்ற பெயர் யாருக்கும் வரக்கூடாது, அவ்வளவுதான். (ரூஸ்வெல்ட்டுக்கு ஆரம்பத்தில் ஜப்பான் மேல் சாய்வு உண்டு. நடுநிலை என்றால் மனசில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை.)

ஆகஸ்டில் இரு தூதுக்குழுக்களையும் மேஃப்ளவர் என்ற கப்பலில் அறிமுகப்படுத்தினார். யாரை எங்கே உட்கார வைத்தாலும் வம்பு! எல்லோருக்கும் நின்றபடியே விருந்து.

அப்புறம் அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் ரஷ்யத் தூதர் விட்டேயும் ஜப்பானியத் தூதர் கொமுராவும் பேசினார்கள். ரூஸ்வெல்ட் அங்கே போகவில்லை. தூரத்திலிருந்தே தூதும் தந்தியுமாக இருபுறமும் நெருக்கினார். போர் இழப்பீட்டுப் பணத்தில்தான் முட்டியது. ஒரு காசுகூடத் தரமாட்டேன் என்றார் ரஷ்யாவின் ஜார் மன்னர். கடைசியில் ஜப்பான் பணத்தை விட்டுக்கொடுத்து, சகலின் தீவின் தென்பாதியோடு திருப்தி அடைந்தது. செப்டம்பர் 5-இல் கையெழுத்து.

ரூஸ்வெல்ட்டுக்கு மறுவருடம் நோபல் அமைதிப் பரிசு. டோக்கியோவிலோ, 'பணம் எங்கே?' என்று கலவரம்.