சுடர் நடுங்கும், டியூப் லைட் சிமிட்டும்: அசைவரைகலை கேள்வி–பதில்

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவரைகலை மென்பொருளில், இருட்டறையில் ஒரு மெழுகுவத்தி எரியும் காட்சியை அமைத்திருக்கிறேன். சுவரில் விழும் ஒளிக்கான லேயரின் (படத்தின் ஓர் அடுக்கு) ஒப்பாசிட்டியை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, 100 என்று வைத்து, அதில் விகிள் எக்ஸ்பிரஷனை (மதிப்பைத் தற்செயலாக ஆட்டும் சிறு கட்டளை) எழுதி, அடைப்புக்குள் 8, 30 என்று கொடுத்தேன். பார்ப்பவர்கள் எல்லாரும் "பல்பில் ஏதோ கோளாறு" என்கிறார்கள். எண்களை எவ்வளவு மாற்றியும் அது சுடரின் ஒளியாகவே மாறவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: முதல் தவறு சிறியது, உடனே திருத்திவிடலாம். விகிள் என்பது நீங்கள் வைத்த அளவுக்கு மேலும் கீழுமாக ஊசலாடும். உங்கள் கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை, இருபுறமும் 30 வரை. ஒப்பாசிட்டியோ 100க்கு மேல் போகாது. ஆகவே மேல்நோக்கிய அசைவுகள் எல்லாம் கூரையில் முட்டித் தட்டையாகிவிட, கீழிறங்கும் அசைவுகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. முழு ஒளியில் நின்று, சட்டென்று மங்கி, மறுபடியும் முழு ஒளிக்கு வந்து நிற்பது இணைப்புத் தளர்ந்த மின்விளக்கின் இயல்பு. பார்த்தவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அடிப்படை அளவை 65க்கு இறக்கினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி எண்களால் தீராது. தமிழில் சுடர் நடுங்குகிறது, டியூப் லைட் சிமிட்டுகிறது, விண்மீன் மினுக்குகிறது, மின்னல் வெட்டுகிறது. மென்பொருளுக்கு இந்த நான்கும் ஒன்றுதான்: ஓர் எண் கூடிக் குறைகிறது. ஆகவே எக்ஸ்பிரஷனை எழுதுவதற்கு முன்பு, நம் காட்சிக்குரிய வினைச்சொல் எது என்று தீர்மானித்துக்கொண்டு, அந்த வினை எதனால் நிகழ்கிறது என்று யோசிப்பதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஒற்றை மெழுகுவத்தி பெரும்பாலும் ஆடாமல்தான் எரியும். அது நடுங்குகிறது என்றால், வெளியிலிருந்து காற்று அதைத் தொடுகிறது என்று பொருள். சற்றுப் பெரிய தீ அப்படியில்லை. சூடான வாயு மேலெழும்போது பக்கத்திலுள்ள குளிர்ந்த காற்றில் சுழல்களை உண்டாக்குவதால், வெளிக்காற்று இல்லாமலே துடிக்கும். அந்தத் துடிப்புக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. தீயின் அடிப்பகுதியின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது தோராயமாகக் கிடைக்கும். 1 மீட்டர் அகலமுள்ள தீ நொடிக்கு ஒன்றரை முறை துடிக்கும். 25 சென்டிமீட்டர் அகலமானால் 3 முறை. 2 சென்டிமீட்டர் அளவே உள்ள சுடர் 10 முறைக்குச் சற்று மேல். தீ பெரிதாகப் பெரிதாகத் துடிப்பு மெதுவாகிறது என்பதை மறந்து, மெழுகுவத்திக்கு எழுதிய அதே 8ஐப் பெருந்தீக்கும் ஒட்டிவிடுகிறவர்கள் பலர். எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், அந்தத் தீ தீப்பெட்டிக்குள் எரிவதுபோலத்தான் தெரியும்.

உங்கள் மெழுகுவத்திக்கு வருவோம். ஒரே விகிளுக்குப் பதிலாக மூன்று அசைவுகளை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை அலைபோல ஏறி இறங்கும் மெதுவான அசைவு; 8 விழுக்காடு போதும். இரண்டாவது, நொடிக்கு 8 முதல் 10 முறை வரும் மெல்லிய நடுக்கம். இது 4 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். மூன்றாவதுதான் உயிர் கொடுப்பது: எப்போதாவது ஒருமுறை, ஒழுங்கற்ற இடைவெளியில், காற்று வந்து சுடரைச் சாய்ப்பது. ஒளி இரண்டு பிரேமுக்குள் (பிரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப்படம்) 60 விழுக்காட்டுக்கு விழுந்து, பத்துப் பன்னிரண்டு பிரேம்களில் மெல்ல எழுந்து, பழைய அளவைச் சற்றே தாண்டி, பிறகு அடங்க வேண்டும். வீழ்ச்சி வேகம், மீட்சி நிதானம். விகிள் இந்த வேறுபாட்டை ஒருபோதும் தராது. மூன்றாவதைக் கையால் கீஃபிரேம் (குறிப்பிட்ட நேரத்தில் ஒரு மதிப்பைப் பதிக்கும் புள்ளி) போட்டுச் செய்வதே நல்லது என்பது என் கட்சி. மூன்றையும் ஒரு நல் ஆப்ஜெக்டில் (Null, திரையில் தெரியாத வெற்று லேயர்) தனித்தனி ஸ்லைடர்களாக, அதாவது எண்ணை மாற்றும் கட்டுப்பாடுகளாக, வைத்து, கூட்டாமல் பெருக்கி விடுங்கள். பெருக்கினால்தான் மங்கிய நேரத்தில் நடுக்கமும் அதற்கேற்பச் சிறுக்கும்.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், ஏற்ற இறக்கம் இரண்டையும் காட்டக் குறைந்தது இரண்டு பிரேம் வேண்டுமாகையால், நொடிக்கு 12 துடிப்புக்கு மேல் எதுவும் துடிப்பாகத் தெரியாது. விகிளில் 30 என்று எழுதினால் வேகம் கூடாது, இரைச்சல்தான் கூடும்.

கேள்வி: தற்செயல் எண்களை நம்பாமல், மினுக்கத்தை நாமே எழுதிவைக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதற்கு மிகவும் பழகிய எடுத்துக்காட்டு ஒரு கணினி விளையாட்டில் இருக்கிறது. 1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டில் விளக்குகளின் ஒளியை ஆங்கில எழுத்துகளின் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஏ என்றால் இருள், எம் என்றால் இயல்பான ஒளி, இஸட் என்றால் அதைப்போல இருமடங்கு; நொடிக்குப் பத்து எழுத்து வீதம் வரிசை ஓடும். அதில் மினுக்கும் விளக்குக்கான முதல் வரிசை இது: எம் எம் என் எம் எம் ஓ எம் எம் ஓ எம் எம் என் ஓ என் எம் எம் ஓ என் க்யூ என் எம் எம் ஓ. மொத்தம் 23 எழுத்துகள், அதாவது 2.3 நொடி.

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 23இல் 12 எழுத்துகள் எம். விளக்கு பாதி நேரத்துக்கு மேல் தன் இயல்பு நிலையில்தான் இருக்கிறது. என், ஓ இரண்டும் ஐந்தைந்து முறை வருகின்றன. க்யூ ஒரே ஒருமுறை. எம்முக்குக் கீழே ஒளி இறங்கவே இல்லை. விளக்குக்கு ஓர் இருப்பு நிலை இருக்கிறது; அதிலிருந்து அது விலகுகிறது, திரும்புகிறது, அரிதாக ஒருமுறை மிகவும் விலகுகிறது. அதே விளையாட்டில் பழுதான டியூப் லைட்டுக்கு எழுதிய வரிசையில் எம், ஏ என்ற இரண்டே எழுத்துகள்தான் உள்ளன: எரியும் அல்லது அணையும், இடைநிலை கிடையாது. நடுங்குவதற்கும் சிமிட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

உங்கள் மென்பொருளிலும் இதைச் செய்யலாம். நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு கீஃபிரேம் வைத்து, இடையில் மதிப்பு நழுவாமல் ஹோல்டு செய்துவிடுங்கள். சுடருக்கு மட்டும் ஹோல்டை நீக்கி மென்மையாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: டியூப் லைட் எரியத் தொடங்கும் காட்சி ஒன்று தேவை. ஏழெட்டு முறை அணைத்து எரித்துப் பார்த்தேன், உயிரில்லை.

பதில்: பழைய சோக், ஸ்டார்ட்டர் வைத்த விளக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதலில் குழலின் இரு முனைகளும் மட்டும் செம்மஞ்சளாகக் கனலும். ஸ்டார்ட்டர் திறக்கும்போது குழல் முழுவதும் ஒருமுறை வெளிச்சம் பாய்ந்து அணையும், மறுபடி முனைகள் கனலும், மறுபடி பாய்ச்சல். பற்றிக்கொண்ட பிறகும் ஒளி உடனே முழுமை அடையாது, சற்று மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும். நீங்கள் விட்டது முனைகளின் கனலாகத்தான் இருக்கும். பாய்ச்சல்களுக்கு இடையில் ஒரே அளவு இடைவெளி விடாதீர்கள். பாய்ச்சல் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பிரேமில் முடியட்டும், மென்மையாக்க வேண்டாம்.

இழை பல்பு இதற்கு நேரெதிர். இழை சூடேறவும் ஆறவும் நேரம் பிடிப்பதால், ஒளி முழு அளவை எட்ட ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 24 பிரேம் கணக்கில் இரண்டு மூன்று பிரேம். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும், கூடவே சிவக்கவும் செய்யும்.

கேள்வி: ஒளியோடு நிறமும் மாற வேண்டுமா?

பதில்: சுடரிலும் இழை பல்பிலும் மாற வேண்டும், டியூப் லைட், எல்இடி இரண்டிலும் பெரும்பாலும் வேண்டாம். மெழுகுவத்தியின் நிறவெப்பநிலை (இந்த எண் குறையக் குறைய ஒளி சிவக்கும்) 1,900 கெல்வின் அளவில் இருக்கும், வீட்டு இழை பல்பு 2,700 அளவில். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், நிறவெப்பநிலையை நிறமாக மாற்றும் பிளாக்பாடி நோடு இருக்கிறது. அதே ஸ்லைடரை அதற்கும் இணைத்து, ஒளி மங்கும்போது 100, 150 கெல்வின் குறையும்படி விட்டால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு நிறங்களுக்கு இடையே கலவை விகிதத்தை மாற்றலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: பிரைட்னஸையும் ஒப்பாசிட்டியையும் விட்டுவிட்டு எக்ஸ்போஷர் எஃபெக்டைப் பயன்படுத்துங்கள். 255 அளவுகோலில் பாதியான 128, உண்மையான ஒளியளவில் பாதி அல்ல, ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே. எக்ஸ்போஷர் கணக்கை லீனியர் ஒளியில், அதாவது உண்மையான ஒளியளவில், செய்வதால், ஒரு ஸ்டாப் குறைத்தால் சரியாகப் பாதி ஒளி கிடைக்கும். சிமிட்டலின் பள்ளங்கள் அளவுக்கு மீறிக் கறுத்துப்போவதாக எழுதியிருந்த வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: சுடரும் நிறமும் நன்றாக வந்துவிட்டன. ஆனால் அறை அதோடு ஒட்டவில்லை. சுவர் தனியாக மின்னுகிறது.

பதில்: என்னுடைய தொடக்கக் காலப் பணி ஒன்றில் இதே குறையோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் கணினியை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு டம்ளரை வைத்துவிட்டு, சுடரைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரின் வெளிச்சம் நான் நினைத்த அளவுக்கு மாறவே இல்லை. மாறியது டம்ளரின் நிழல். சுடர் ஒரு விரலளவு இடப்புறம் சாய்ந்தால் நிழல் வலப்புறம் ஒரு சாண் ஓடியது. சுடர் குட்டையானபோது நிழல் உயர்ந்தது. நிழலின் விளிம்பும் ஒரே மாதிரி இல்லை: டம்ளரின் அடியில் கூர்மையாகவும், தொலைவில் குழைந்தும் இருந்தது.

சுடர் என்பது கூடிக் குறையும் ஒளி என்பதைவிட, இடம் மாறும் ஒளி என்பதே பொருத்தம். ஆகவே விகிளை ஒளியின் அளவுக்குக் கொடுப்பதைவிட லைட்டின் இருப்பிடத்துக்குக் கொடுங்கள். முப்பரிமாண லைட்டாக இருந்தால் பக்கவாட்டில் சிறிதும் உயரத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் ஆடட்டும். நிழல் விழுவது இயக்கத்தில் இருக்கட்டும். தட்டையான காட்சியாக இருந்தால் நிழலைத் தனி லேயராக வரைந்து, அதன் ஆங்கர் பாயின்ட்டை (லேயர் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி) பொருளின் அடியில் வைத்து, சுடரின் அசைவுக்கு எதிர்த்திசையில் சாயவிடுங்கள். ஒளியின் அளவுக்கு வைத்திருந்த மாற்றத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். அறையில் இரண்டு மூன்று சுடர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு சீட் எண் (தற்செயல் வரிசையின் தொடக்க எண்) கொடுங்கள்; எல்லாம் ஒன்றாகத் தலையாட்டினால் கதை கெட்டது.

கேள்வி: உண்மையான சுடரைப் படமெடுத்து அதிலிருந்தே அசைவை எடுக்க முடியுமா?

பதில்: முடியும், நேரம் இருந்தால் நான் அதைத்தான் செய்வேன். சுடரை எடுக்காமல், அதன் ஒளி விழும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். செல்பேசியின் எக்ஸ்போஷரைப் பூட்டாவிட்டால், சுடர் மங்கும்போதெல்லாம் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி நீங்கள் தேடுவதையே அழித்துவிடும். பிறகு சாம்பிள்இமேஜ் எக்ஸ்பிரஷனால் தாளின் நடுப்பகுதியின் சராசரி ஒளியைப் பிரேம் பிரேமாகப் படித்து ஸ்லைடரில் ஏற்றி, கீஃபிரேம்களாக மாற்றிவிட்டால், அந்த வீடியோவை நீக்கிவிடலாம். அறையில் மின்விளக்கு எதுவும் எரியக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் லைட்டின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 24 பிரேமில் எடுத்தால் அது நொடிக்கு 4 முறை துடிக்கும் பொய்யான மினுக்கமாகப் பதிவாகிவிடலாம்.

கேள்வி: மின்னல் வெட்டும் காட்சி செய்கிறேன். பார்ப்பவர்களுக்குத் தீங்கு வருமா?

பதில்: வரலாம், இதில் மட்டும் அழகைவிட எச்சரிக்கையே முக்கியம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஓர் அசைவூட்டத் தொடரில், சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிய சில நொடிக் காட்சியால், 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இணைய அணுகல்தன்மை நெறிகள் எந்த ஒரு நொடியிலும் மூன்று பளிச்சிடல்களுக்கு மேல் கூடாது என்கின்றன. திரையில் சிறிய பகுதிக்கும் மிகச் சிறிய ஒளி மாற்றத்துக்கும் விலக்கு உண்டு. அடர்ந்த சிவப்பு கூடுதல் ஆபத்தானது. மெழுகுவத்தியின் 4 விழுக்காட்டு நடுக்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இயற்கையில் ஒரு மின்னலுக்குள் பெரும்பாலும் மூன்று நான்கு வெட்டுகள், சுமார் 60 மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வரும். திரை முழுவதும் அதை அப்படியே காட்டாதீர்கள். ஒரு முழு வெட்டு, அதைத் தொடர்ந்து ஒளியளவில் பெரிதும் குறைந்த ஒரு எதிரொளி, பிறகு மெல்ல மங்கும் வானம் என்று அமைத்தாலே மின்னல் என்று புரிந்துவிடும்.

கேள்வி: கணினியில் வழுவழுப்பாக இருக்கும் இருட்டுச் சுவர், வீடியோவாக ஏற்றுமதி செய்ததும் பட்டை பட்டையாகிவிடுகிறது.

பதில்: புராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய கிரெய்ன் (பொடிப்புள்ளி இரைச்சல்) ஒன்றைத் தூவுங்கள், பிட்ரேட்டைக் கூட்டுங்கள். கிரெய்ன் மட்டும் சுடரோடு சேர்ந்து மினுக்கக் கூடாது. அதை எக்ஸ்போஷர் லேயருக்கு மேலே வையுங்கள்.