ஒரே வைரம் ஓரிடத்தில் ஜொலித்து, இன்னோரிடத்தில் மங்கலாகத் தெரிவது ஏன்?

கடையில் கண்ணைப் பறித்த வைரம் வீட்டில் மங்கிவிட்டதே, கல்லை மாற்றிவிட்டார்களோ என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் மாறியது கல் அல்ல, வெளிச்சம்தான்.

வைரம் தானாக ஒளிர்வதில்லை, வாங்கிய ஒளியைத் திருப்பித் தருகிறது. எவ்வளவு தருகிறது என்பதை முடிவு செய்வது கட், அதாவது பட்டைகளின் கோணமும் அளவும். வைரத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) சுமார் 2.42 என்பதால், உள்ளே போன ஒளி ஒரு பட்டையில் நேர்குத்தாக மோதாமல் அதிலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் எறிந்த பந்து நம்மிடமே திரும்பி வருகிறதே, நல்ல கட் செய்வது அதைத்தான். அடிப்பாகம் ரொம்பத் தட்டையாகவோ ஆழமாகவோ இருந்தால் ஒளி கீழேயும் பக்கவாட்டிலும் கசிந்துவிடும், எவ்வளவு தூய கல்லாக இருந்தாலும் இந்தக் குறையை மறைக்க முடியாது.

அப்புறம் வெளிச்சம். சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகளின் கீழே வண்ணப் பொறி பறக்கும், மேகமூட்ட வெளிச்சத்தில் அது அடங்கிவிடும். அதனால் வாங்கும்முன் ஜன்னலோரமும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பதிக்கும் உலோகமும் முக்கியம்: கல்லில் உள்ள லேசான மஞ்சள் சாயல் மஞ்சள் தங்கத்தில் அவ்வளவாகத் தெரியாது, பிளாட்டினத்தில் தெரியும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தாலும் ஒளி கசியும்.

கட் என்றால் வட்டம், சதுரம் போன்ற வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். வடிவம் வேறு, கட்டின் தரம் வேறு.