சுருட்டுக்கு எந்தப் பிசின்? கேள்வியும் பதிலும்

வீட்டில் தங்களுக்காகச் சுருட்டு சுற்றிக்கொள்பவர்கள் பசை பற்றிக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இலை, பிசின், பதம் இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுவோம். விற்பனை, உரிமம், வரி இங்கே வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பதில் கிடையாது. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை: வாயில் வைக்கிற பொருளில் மயில்துத்தம் என்னும் நீல நிறச் செம்பு உப்பு கலந்த பசை கூடவே கூடாது, அது நஞ்சு. இதை இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாட்டுமருந்துக் கடையில் நாலு விதப் பிசின் இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவன் எதை வாங்குவது சார்?" (விருதுநகர்)

கருவேலம் பிசின் வாங்குங்கள். சூடான் நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் போகும் அரபுப் பிசினுக்கு இது சொந்தக்காரன். அங்கே வேறு வேல மரம், இங்கே நம் கருவேலம். சுருட்டு ஒட்டுவதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வேலை செய்கின்றன.

கடையில் கையால் பொறுக்கி வாங்குங்கள். வெளிர் மஞ்சளாக, கண்ணாடிபோல் உடைகிற கட்டிகள் நல்லவை. கறுத்துப்போய் மரப்பட்டை ஒட்டியிருப்பதைத் தள்ளிவிடுங்கள், அதில் துவர்ப்பு இருக்கும். 20 கிராம் எடுத்து உரலில் ஒன்றிரண்டாக இடித்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள 40 மில்லி தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், நெடுநேரம் கொதித்தால் பிசினின் பிடிப்பு குறையும். மறுநாள் காலையில் முழுக்கக் கரைந்திருக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டினால் அடியில் மணலும் பட்டைத் துணுக்கும் நிற்பதைப் பார்ப்பீர்கள். விரலில் தொட்டுத் தூக்கினால் ஒரு நூல் இழுத்து உடனே அறுந்து விழ வேண்டும். தேன் மாதிரி நீண்டுகொண்டே போனால் இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள்.

இதற்கு ஒரு குறை உண்டு. காய்ந்தால் கண்ணாடிபோல் விறைத்து, இலை அசையும்போது செதிலாக உதிரும். உணவுக்குப் பயன்படும் கிளிசரின் இரண்டு சொட்டு சேர்த்தால் அந்த விறைப்பு போகும்.

எவ்வளவு தடவுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். கடுகளவு. மேலிலையின் கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும். சுருட்டைப் பிடித்து வைத்திருப்பது இலையின் பதமும், சுற்றும்போது நீங்கள் கொடுக்கும் இழுப்பும்தான். பிசின் கடைசியில் போடும் முடிச்சு.

"ஃபெவிகால் போடலாமா?" (சென்னை)

வேண்டாம். அது செயற்கைப் பசை, எரித்து உள்ளே இழுப்பதற்குச் செய்ததல்ல.

"அச்சகத்தில் வேலை. பைண்டிங் பண்ணும் மைதாப் பசை தினமும் மிஞ்சுகிறது. மைதாதானே அண்ணே, அதைத் தொட்டு ஒட்டினால் என்ன?" (சிவகாசி)

தம்பி, நான் பயப்படுவது உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான். அந்தப் பசை லேசாக நீலம் பாரித்திருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி அரிக்காமலும் புளிக்காமலும் இருக்க பைண்டிங் பசையிலும் சுவரொட்டிப் பசையிலும் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது வழக்கம். அது செம்பு உப்பு, நஞ்சு. புத்தகத்துக்குச் சரி, உதட்டுக்கு ஆகாது. நீலம் தெரியவில்லை என்றாலும் யார், எதைப் போட்டுக் காய்ச்சினார்கள் என்று தெரியாத பசையைத் தொடாதீர்கள்.

மைதாதான் வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு ஸ்பூன் மாவை ஆறு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிண்டுங்கள். பால் வெண்மை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்குங்கள். அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே தீர வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கெட்டிப்பட்டுத் தண்ணீர் பிரிந்து நிற்கும், பிடிப்பும் இருக்காது.

"ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாதாம் பிசின் வீட்டில் நிறைய இருக்கிறது." (மதுரை)

ஜிகர்தண்டாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கரையாது, ஊறி நுங்கு மாதிரி உப்பி நிற்கும். தடவினால் இலைமேல் உருண்டை உருண்டையாக வழுக்கும்.

"கியூபாக்காரர்கள் என்ன போடுகிறார்கள்? கொத்தவரைப் பிசின் போதும் என்று ஒருவர் சொன்னார், சரியா?" (கோவை)

அங்கே சுற்றுகிறவரின் பலகையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று 'சவேட்டா' என்னும் பிறைவடிவக் கத்தி, இன்னொன்று 'கோமா' என்று அவர்கள் சொல்லும் நிறமும் ருசியும் இல்லாத தாவரப் பிசின். சுருட்டுத் தொழிலில் நெடுங்காலமாகப் பேர் வாங்கியது டிராககாந்த். ஈரான் பக்கத்து முட்செடியின் வேரிலிருந்து எடுப்பது. காய்ந்த பிறகும் வளையும். விலை அதிகம்.

அந்த வளைவுத்தன்மையைக் குறைந்த செலவில் தருவது கொத்தவரைப் பிசின். கொத்தவரங்காய் விதையிலிருந்து எடுக்கிறார்கள், ராஜஸ்தானில்தான் விளைச்சல் அதிகம். 100 மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் போதும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழு, உள்ளே காய்ந்த மாவு என்று உருண்டை கட்டும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் உடையாது. தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே கோலப்பொடி தூவுகிற மாதிரி தூவுங்கள். வெளியில் வைத்தால் ஓரிரு நாளில் நாறிவிடும். சிறிது சிறிதாகச் செய்துகொள்ளுங்கள்.

"பிசின் நன்றாகத்தான் ஒட்டுகிறது. ஆனால் இரண்டு நாளில் மேலிலை வெடித்து விரிகிறது. இன்னும் கெட்டியாகக் காய்ச்சவா?" (திண்டுக்கல்)

கெட்டியாகக் காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். குறை இலையில் இருக்கிறது. உள்ளே திணித்த இலை ஈரமாக இருந்து, மேலிலை மட்டும் காய்ந்திருந்தால், மேலிலை உள்ளீரத்தை வாங்கி உப்பி, பிறகு காய்ந்து சுருங்கும். அந்த இழுப்பை எந்தப் பிசினும் தாங்காது.

ஒரு மேலிலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது சருகுபோல் சலசலக்கும். இரண்டு பக்கமும் பனி படிந்தாற்போல் தண்ணீர் தெளித்து, பாலிதீன் பைக்குள் மூன்று மணி நேரம் மூடி வையுங்கள். எடுத்து உள்ளங்கையில் கசக்கிக் கையை விரித்தால், பழைய வேட்டித் துணிபோல் சத்தமில்லாமல் தானாக விரிய வேண்டும். அதுதான் பதம். கையில் ஈரம் ஒட்டினால் அதிகம், நரம்பு நொறுங்கினால் குறைவு. அடுத்து நடுநரம்பை உருவி எடுத்துவிட்டு, நரம்பு புடைத்த பக்கம் உள்ளே போகும்படி, சாய்வாக இழுத்துச் சுற்றுங்கள். உள்ளிலை இதைவிட ஒரு படி காய்ந்ததாக இருக்கட்டும். சுற்றி முடித்ததும் வாயில் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் நிழலில் ஆறட்டும்.

இன்னொன்று. ஈரப் புகையிலையை மணிக்கணக்கில் வெறுங்கையால் அளைந்தால் நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறும், தலை சுற்றி வாந்தி வரும். முதல் வருடம் நானே ஒரு மதியம் முழுக்க அப்படிப் படுத்துக் கிடந்தேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

"தேன், முட்டை வெள்ளைக்கரு?" (நாகர்கோவில்)

தேன் பிசுபிசுக்கும், ஒட்டாது, எறும்பு வரும். முட்டை நாறும்.

"மரவேலைக்கான வெள்ளைப் பசை ஒரு துளி மட்டும்..." (தாம்பரம்)

மேலே சென்னைக்குச் சொன்னதுதான். ஒரு துளியும் வேண்டாம்.

"சுருட்டில் ஊசித் துளைபோல் ஓட்டை விழுந்து தூள் கொட்டுகிறது. பிசினில் மயில்துத்தம் கொஞ்சம் சேர்த்தால் பூச்சி வராது என்கிறார்கள்." (ஈரோடு)

சேர்க்காதீர்கள். யார் சொன்னாலும் சேர்க்காதீர்கள். அது புகையிலை வண்டு. மஞ்சள், மிளகாய், புத்தகப் பசை எல்லாவற்றையும் துளைக்கிற அதே வண்டு. சுருட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் நாலு நாள் வையுங்கள். எடுத்து ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். வண்டும் முட்டையும் செத்துவிடும், நஞ்சு எதுவும் தேவையில்லை.

"இதெல்லாம் எதற்கு ஐயா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பசையே தொட்டதில்லை. முனையைத் திருகிவிட்டால் அதுவே நிற்கும். இங்கிலீஷ்காரன் 'செரூட்' என்று சொல்லக் கற்றதே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்துதான். அவனுக்குச் சுருட்டியே கொடுத்தவர்கள் நாம், ஒட்டிக் கொடுத்தவர்கள் அல்ல." (உறையூர்)

பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. மேலிலையைச் சாய்வாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றை அமுக்கிக்கொள்ளும், அவிழும் முனை ஒன்றே ஒன்றுதான், தலையில். கியூபாவிலும் கொஹிபா லான்சேரோ போன்ற சுருட்டுகளுக்குத் தலையில் எலிவால்போல் திருகல் உண்டு. ஆனால் இலையை நேராக வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் விளிம்பு முழு நீளத்துக்கும் வெளியே கிடக்கும், அங்கே பசை இல்லாமல் நிற்காது. அப்புறம், பற்றவைக்கும் முன் திருகலை வெட்டுவோமே, அதற்குப் பிறகு எது பிடிக்கும்?

"உறையூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பாட்டி பர்மாவில் இருந்து வந்தவர். அங்கே சுருட்டு ஒட்டுவது சோற்றுப் பசையால்தான், அதுவும் ஒட்டுகிற அரிசி. பிசினும் வேண்டாம், திருகலும் வேண்டாம்." (பர்மா காலனி, காரைக்குடி)

உண்மைதான். இன்லே ஏரிப் பக்கத்துப் பெண்கள் இன்றும் அந்த அரிசிப் பசையைத் தொட்டுத்தான் சுருட்டுகிறார்கள். அங்கே மேலிலை புகையிலையே அல்ல, நம் நறுவிலி இனத்து மரத்தின் இலை. நறுவிலி தெரியும்தானே? மூக்குச்சளிப்பழம் என்று சொல்லி, கிழிந்த நோட்டுப் புத்தகத்தை அதன் சதையால் ஒட்டினோமே, அதுதான். ஒட்டுவதற்கென்றே பிறந்த பழத்தின் மரம் சுருட்டுக்கு இலை கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தப் பழத்தையும் சோதித்திருக்கிறேன். ஒரே இலைக் கட்டில் நாலு சுருட்டு. ஒன்றில் கருவேலம் பிசின், ஒன்றில் சோற்றுப் பருக்கை, ஒன்றில் நறுவிலிச் சதை, ஒன்றில் வெறும் திருகல். நறுவிலி இரவு முழுக்கக் காயவில்லை, காலையில் எறும்பு மொய்த்திருந்தது. பருக்கை நன்றாகப் பிடித்தது, ஆனால் நசுங்காத ஒரு துணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. மை மாதிரி நசுக்கினால் அந்தக் குறையும் இல்லை. பிசின் சுத்தம். திருகல் பத்து நாள் அசையாமல் நின்றது. வெட்டினேன், கால்வாசி எரிவதற்குள் தலைப்பக்கம் அவிழ்ந்துவிட்டது.

"பர்மாச் சுருட்டு புகையிலைச் சுருட்டே இல்லையே, அதை ஏன் இழுக்கிறீர்கள்?" (திருச்சி)

உள்ளே புகையிலை இருக்கிறது, நறுக்கிய மரத்தண்டும் சேர்ந்திருக்கும். இலையை ஒட்டுவது பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட முடியாது.

"இயற்கைப் பிசின்தானே, அப்படியானால் உடம்புக்குக் கெடுதல் இல்லைதானே?" (சேலம்)

கெடுதல் இருக்கிறது. பிசின் இயற்கையாக இருப்பதால் புகை நல்லதாகிவிடாது. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம். பசையில் நஞ்சு சேராமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் உதவ முடியும், புகையிலையின் நஞ்சை எந்தப் பிசினும் எடுக்காது.

"வேதாரண்யம் இலை கிலோ என்ன விலை?" (தஞ்சாவூர்)

விற்பனைப் பேச்சு இங்கே வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன், விலையும் அதில் சேர்ந்ததுதான்.

"ஃபெவிகால்..." (பெயர் இல்லை)

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. படித்துவிட்டுக் கேளுங்கள்.

"புளியங்கொட்டைப் பசை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" (கும்பகோணம்)

நல்ல கேள்வி. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்ட அதைத்தான் காய்ச்சினார்கள். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக அரைத்து, தண்ணீரில் கூழாகக் காய்ச்ச வேண்டும். நிறம் இலையோடு ஒத்துப்போகும், பிடிப்பும் பலம். தோல் கொஞ்சம் தங்கினாலும் துவர்க்கும், சொரசொரப்பாக இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற பசை.

"வெட்டினால் அவிழத்தான் செய்யும். யார் வெட்டச் சொன்னது? திருகலை அப்படியே விட்டு, பக்கத்தில் கோணி ஊசியால் ஒரு துளை போட்டு இழுக்க வேண்டும். என் அப்பா அப்படித்தான்." (மறுபடி உறையூர்)

ஐயா, இது எனக்குத் தோன்றவில்லை. இதைப் படித்ததும் மீதமிருந்த ஒரு திருகல் சுருட்டை எடுத்து, திருகலுக்குக் கீழே அரை விரல்கடை தள்ளி, சுடுநீரில் கழுவிய ஊசியால் துளை போட்டுப் பார்த்தேன். பாதி வரை எரிந்தது, ஒரு சுற்றுகூட அவிழவில்லை. சாய்வாகச் சுற்றிய சுருட்டுக்குப் பசை தேவையில்லை என்று நீங்கள் சொன்னது சரி. ஒரு துளையில் மூச்சு கொஞ்சம் இறுக்கமாக வருகிறது. உங்கள் அப்பா ஒரு துளைதான் போடுவாரா, எதிரெதிரே இரண்டா?