மூச்சை வாசிப்பவர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸைப் பாடிய ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’ ஆல்பத்தைக் கேட்டேன். பெரிய மௌத் ஆர்கன் கலைஞர் என்கிறீர்கள். ஆனால் ஒரு வரி பாடுகிறார், நாலு சுரம் வாசிக்கிறார், உடனே நிறுத்திவிடுகிறார். பின்னணியும் மெலிந்து கிடக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? அடுத்து எதைக் கேட்கலாம்? நான் கேட்டது போன் ஸ்பீக்கரில்.

கா.

அன்புள்ள கா.,

நிறுத்திவிடுகிறார் என்று சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் உயிரே அந்த இடங்களில்தான் இருக்கிறது.

ப்ளூஸில் மௌத் ஆர்கனை ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். பாட்டு ‘ஜி’ சுருதியில் என்றால் பெரும்பாலும் ‘சி’ சுருதி மௌத் ஆர்கனைத்தான் எடுப்பார்கள். அப்போது அழுத்தமான சுரங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். நாக்கின் நிலையைச் சற்று மாற்றினால் சுரம் வளைந்து கீழே இறங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு வெல்ஸைக் கேளுங்கள். ஒரு வரியைப் பாடி முடிக்கும்போது மூச்சு வெளியே போய்விடுகிறது. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தே ஆக வேண்டும். அந்த இழுப்பையே அவர் வாசிப்பாக்கிவிடுகிறார். பாட்டும் வாத்தியமும் ஒரே மூச்சின் போக்கும் வரவும். அதனால்தான் நாலு சுரம் போதுமாக இருக்கிறது.

மெலிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 1965 செப்டம்பரில் சிகாகோவில் பதிவானது இது. டெல்மார்க் இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் கோஸ்டர், மூன்று நிமிடத்தில் முடியும் ஒற்றைப் பாட்டு இசைத்தட்டின் (சிங்கிள்) கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, வெல்ஸ் இரவு விடுதியில் வாசிப்பது போலவே வாசிக்கட்டும் என்று விட்டார். மொத்தம் நாலே பேர். கிடார் பட்டி கய், பேஸ் ஜாக் மையர்ஸ், டிரம்ஸ் பில்லி வாரன். பியானோ கிடையாது. கய்க்கு வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருப்பதாக நினைத்ததால், முதலில் வந்த அட்டையில் அவர் பெயர் ‘ஃப்ரெண்ட்லி சேப்’ (நட்பான ஆள்)! பதிவின் நடுவே அவருடைய ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) மக்கர் செய்ய, கிடாரை ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனின் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டார்கள். தலைப்புப் பாட்டில் கிடார் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அலைகிறதே, அது இப்படி வந்ததுதான். அந்தப் பாட்டில் கய் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார் பாருங்கள். நினைத்தால் மேடையையே கொளுத்தக்கூடிய ஆள் அவர். வெல்ஸின் ஒவ்வொரு வரியையும் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் விரலை வைக்கிறார்.

அடுத்து லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ கேளுங்கள். 1952-இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சிகாகோ மதுக்கூடங்களின் இரைச்சலை மீற, மைக்கையும் மௌத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப் வழியாக வாசித்த தலைமுறையில் முதன்மையானவர் அவர். அந்த வெற்றிக்குப் பிறகு அவர் சிகாகோ ப்ளூஸின் பெரும் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவிலிருந்து விலக, அந்த இடத்துக்கு வந்தவர்தான், இருபது வயதுகூட ஆகாத வெல்ஸ்.

அப்புறம், தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் ஜாக் மையர்ஸின் பேஸ் அறவே கேட்காது. அது இல்லாமல் அந்த ஆல்பம் மெலிந்துதான் தெரியும்.

அன்புடன்